30,000 என்றால் எந்த 30,000? துணிக்கடைச் சம்பளமும் ஹோட்டல் நாட்கூலியும்

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. திருகோணமலை நகரில் ஒரு துணிக்கடையில் மூன்று வருடமாக வேலை செய்கிறீர்கள். திங்கள் முதல் சனி வரை காலை 8.30க்குப் போனால் இரவு 7.30க்குத்தான் வெளியே வருவீர்கள். நடுவில் ஒரு மணிநேரம் சாப்பாட்டுக்கு. முதலாளி தந்த சம்பளத் துண்டில் அடிப்படை 18,000, வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 10,000, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதியம்) கழிவு 1,440 என்று இருக்கிறது. கைக்கு வருவது 26,560 ரூபாய். தம்பி நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் சீசனுக்கு மட்டும் நாளுக்கு 1,000 ரூபாய்க்கு நிற்கிறார். சாப்பாடும் தங்குமிடமும் சேர்விஸ் சார்ஜும் கிடைப்பதால் அது போதும் என்று அங்கே சொல்கிறார்கள். இது சரியா, கேட்டால் வேலை போய்விடுமா என்பது உங்கள் கேள்வி.

இரண்டு சம்பளமும் சட்டத்துக்குக் குறைவு. உங்களுடையதில் ஒன்றல்ல, மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில், அதாவது அந்த "அடிப்படை 18,000" என்ற வரியில், இருந்துதான் தொடங்குகின்றன. ஓ.ரி. (மேலதிக நேரச் சம்பளம்), ஈ.பி.எஃப், ஈ.ரி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்), கடைசியில் போகும்போது வாங்கும் பணிக்கொடை என்று எல்லாம் அந்த வரியில்தான் தொங்குகின்றன. ஆகவே "மொத்தம் எவ்வளவு தருகிறார்கள்" என்று பார்ப்பதை விட "எதை என்ன பெயரில் தருகிறார்கள்" என்று பார்ப்பது முக்கியம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். யூடியூபில் குறைந்தபட்சக் கூலி பற்றித் தமிழில் தேடினால் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டு விளக்கம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வேறு தொகை. அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. கிழக்கு மாகாணத்துக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. கொழும்புக்கு என்னவோ கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அதேதான். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் முழு நாட்டுக்கும் ஒரே தரையைப் போடுகிறது, அதாவது இதற்குக் கீழே போகக்கூடாது என்ற தொகையை. அன்று அது மாதம் 10,000 ரூபாய், நாள் 400 ரூபாய். 2021இல் 12,500 ஆகவும் 500 ஆகவும் ஏறியது. 2024இல் 17,500, 700. பிறகு 2025இல் திருத்தம் வந்தது: 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000, நாள் 1,080, 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000, நாள் 1,200.

உங்கள் 18,000 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்திருக்கும். 2024இன் 17,500ஐ ஒரு 500 கூட்டிப் போட்டுவிட்டு, அதன் பிறகு கணக்கப்பிள்ளை அந்த வரியைத் தொடவே இல்லை. 2025இலும் 2026இலும் உயர்வு கொடுத்ததாகக் காட்ட, அதைக் கொடுப்பனவு என்ற பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததா, விளங்காமல் செய்ததா என்பது வேறு விடயம். சிறிய கடைகளில் இரண்டும் நடக்கிறது. எப்படியென்றாலும், இரண்டையும் கூட்டினால்கூட 28,000தான். தரை 30,000.

இந்தத் தரைக்கு மேலே இன்னொரு படி இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட தொழில்களுக்குத் தனித்தனியே சம்பளச் சபைகள் இருக்கின்றன. பேக்கரி, கட்டிட வேலை, மோட்டார்ப் போக்குவரத்து, அச்சகம், ஹோட்டலும் உணவு வழங்கலும், பாதுகாப்புச் சேவை, ஆடை உற்பத்தி என்று பட்டியல் நீளும். முதலாளி, தொழிலாளி, அரசு மூன்று தரப்பும் உட்கார்ந்து அந்தத் தொழிலுக்கான தொகையைப் போடுகிறார்கள். சபை போட்ட தொகை தேசியத் தொகையை விடக் கூடவென்றால் சபைத் தொகைதான் செல்லும். குறைவென்றால் தேசியத் தொகை. எப்போதும் இரண்டில் கூடியது. கடையில் விற்பனைக்கு நிற்கும் உங்களுக்குப் பொருந்துவது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். சம்பளத் தரையை அது போடுவதில்லை. நேரம், லீவு, ஓ.ரி. எல்லாவற்றையும் அதுதான் ஆள்கிறது.

இனி உங்கள் நேரக் கணக்கு. கடை, அலுவலகச் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 8 மணிநேரம், கிழமைக்கு 45 மணிநேரம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை வேண்டும். அதாவது வேலை ஐந்து முழு நாள், ஒரு அரை நாள். நீங்கள் நிற்பது நாளுக்கு 10 மணிநேரம், ஆறு நாள், மொத்தம் 60. சட்ட நேரத்துக்கு மேல் 15 மணிநேரம். ஓ.ரி. வேலை வாங்குவதற்கே கிழமைக்கு 12 மணிநேரம் என்று ஓர் எல்லை இருக்கிறது. உங்கள் கடை அதையும் தாண்டுகிறது. எல்லை மீறியது முதலாளியின் தவறு. உழைத்த மணிநேரத்துக்கான காசு அதனால் இல்லாமல் போகாது.

ஓ.ரி.க்கு ஒரு மணிநேரத்துக்கு எவ்வளவு என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடை, அலுவலக ஊழியருக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் (30 நாள், 8 மணிநேரம்) பிரித்து ஒன்றரையால் பெருக்க வேண்டும். சம்பளச் சபைத் தொழில்களில் 200ஆல் (25 நாள், 8 மணிநேரம்) பிரிக்க வேண்டும். 30,000 ரூபாய்க்கு முதலாவது முறையில் மணிக்கு 187.50, இரண்டாவதில் 225 ரூபாய். பேக்கரியில் வேலை செய்யும் ஒருவருக்கு 240ஆல் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு மணிநேரத்திலும் 37.50 ரூபாய் போகிறது. துண்டில் பார்க்கும்போது அது கண்ணில் படாது.

உங்களுக்கு 187.50. கிழமைக்கு 15 மணிநேரம், நாலு கிழமைக்கு 60 மணிநேரம்: 11,250 ரூபாய். அடிப்படை 30,000உடன் கூட்டி, ஈ.பி.எஃப் 8 சதவீதம், அதாவது 2,400ஐக் கழித்தால் கைக்கு 38,850 வர வேண்டும். வருவது 26,560. மாதம் 12,290 ரூபாய் வித்தியாசம். இதில் பெரும்பகுதி குறைந்தபட்சச் சம்பளப் பிரச்சினை அல்ல, ஓ.ரி. பிரச்சினை என்பதைக் கவனியுங்கள். நகரத்தில் பலரும் 30,000 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "சரி, முப்பது தருகிறேன்" என்று முதலாளி சொன்னதும் சந்தோசப்பட்டுப் போய்விடுகிறார்கள். இரவு 7.30 வரை நிற்பது அப்படியே தொடர்கிறது.

மூன்றாவது பிழை ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டத்தின்படி உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. அதற்கு மேல் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு, நாம் ஈ.ரி.எஃப் என்பதற்கு, முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. இவற்றுக்கு எடுக்கும் சம்பளத்தில் ஓ.ரி. சேராது. ஆனால் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு சேரும், முதலாளி தரும் சாப்பாட்டின் பெறுமதியும் சேரும். உங்கள் துண்டில் 1,440 என்பது 18,000க்கு மட்டும் போட்ட 8 சதவீதம். 10,000 ரூபாயைக் கொடுப்பனவு என்று எழுதினாலும் அதற்கும் ஈ.பி.எஃப் கட்ட வேண்டியது கட்டாயம். கொடுப்பனவுக்குப் பெயர் மாற்றினால் ஈ.பி.எஃப்பிலிருந்து தப்பலாம் என்று யாரோ கணக்குக்காரர் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது. இந்தப் பெயரில் அது எடுபடாது.

கழித்த காசு உண்மையில் கட்டப்படுகிறதா என்பதை இன்றே பாருங்கள். ஒரு மாதத்துக்கான பணம் அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் முதலாளிக்கு மிகைக்கட்டணம் விழும்: பத்து நாளுக்குள் 5 சதவீதம் என்று தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 சதவீதம். உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு தொழில் அலுவலகத்தில் கேட்டால் கணக்கைப் பார்க்கலாம். "உங்களுக்கு இலக்கம் எடுக்கவில்லை, எடுத்ததும் கட்டுகிறோம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்தக் கடப்பாடு தொடங்குகிறது. மூன்று வருடம் கட்டாமல் விட்டிருந்தால் முழு 20 சதவீதமும் முதலாளியின் கடன். சம்பளம் கொடுத்தபோது கழிக்காமல் விட்ட 8 சதவீதத்தைப் பிறகு சேர்த்து உங்களிடம் அறவிட அவருக்கு உரிமை இல்லை.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கல் பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், ஈ.பி.எஃப்பில் இன்னொன்று; தகப்பன் பெயர் முன்னால் ஒன்றில், பின்னால் மற்றதில்; பழைய ஒன்பது இலக்க அட்டை ஒன்றில், புதிய பன்னிரண்டு இலக்கம் மற்றதில். வேலையில் இருக்கும்போது ஒரு கடிதத்தில் திருத்திவிடலாம். ஐம்பது வயதில், கடை மூடி, முதலாளியும் இல்லாத காலத்தில் திருத்தப் போனால் கிராம சேவகர், பிரதேச செயலகம், சத்தியக்கடதாசி என்று அலைய வேண்டியிருக்கும்.

இனி தம்பி. நாட்கூலிக்குத் தரை 1,200 ரூபாய். 30,000ஐ 25 நாளால் பிரித்தால் அதுதான் வரும். 1,000 என்பது நாளுக்கு 200 குறைவு. 25 நாள் நின்றால் மாதம் 5,000, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதச் சீசனுக்கு 30,000 ரூபாய். ஒரு முழு மாதச் சம்பளம். சேர்விஸ் சார்ஜ் விருந்தாளி பில்லில் கட்டுவது. சம்பளத்துக்கு மேலே வருவது. முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை அதைக் கொண்டு நிரப்ப முடியாது. எப்படிப் பங்கிடுவது, எந்த மாதம் தருவது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். "எல்லாருக்கும் மாதிரித் தருவோம்" என்ற வாய்ப்பேச்சு ஓகஸ்ட் மாதத்தில் சண்டையாகத்தான் முடியும். சாப்பாட்டை வைத்துக் கூலியைக் குறைத்தோம் என்று அவர்களே சொன்னால், அந்தச் சாப்பாட்டின் பெறுமதிக்கும் ஈ.பி.எஃப் வரும் என்பதை நினைவுபடுத்தலாம். அந்தப் பேச்சு அதோடு நிற்கும்.

"சீசன் ஆளுக்கு ஈ.பி.எஃப் இல்லை" என்பதும் பிழை. தற்காலிகம், நாட்கூலி, துண்டுக்கூலி எதுவென்றாலும் உண்டு. மேன்பவர் (ஆள் வழங்கும் நிறுவனம்) மூலம் எடுத்திருந்தால், சம்பளம் யார் கையால் வந்தது, மணிநேரம் யார் குறித்தார், யார் வேலை சொன்னார் என்பதை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிரச்சினை வந்ததும் ஹோட்டல் மேன்பவரைக் காட்டும், மேன்பவர் ஹோட்டலைக் காட்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் விசாரணை அங்கேயே சுற்றும்.

லீவு பற்றிச் சுருக்கமாக. மூன்று வருடம் நின்ற உங்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் தற்செயல் லீவும் சம்பளத்தோடு உண்டு. பௌர்ணமி போயா நாளில் வேலை செய்வித்தால் ஒன்றரை நாள் சம்பளம். இங்கே ஒரு விடயம் பலருக்குத் தெரியாது: தைப்பொங்கலும் மீலாத் நபியும் தனியார் துறைக்கான சட்ட விடுமுறைகள்; தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அந்தப் பட்டியலில் இல்லை. அரச அலுவலகமும் வங்கியும் மூடியிருக்கும், அதனால் எல்லோருக்கும் விடுமுறை என்று நினைத்துவிடுகிறோம். தீபாவளிக்கு வீட்டில் நிற்க வேண்டுமென்றால் உங்கள் லீவிலிருந்துதான் எடுக்க வேண்டும். துணிக்கடையில் அந்தக் கிழமை லீவு கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் வருகிறது. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்தக் கணக்கும் கடைசிச் சம்பளத்தில்தான் போடப்படும் என்பதால் துண்டிலுள்ள வரிகளை இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. கடையில் 15 பேர் இல்லையென்றால் அந்தச் சட்டம் நேரே பொருந்தாது. அப்போது வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும்.

கேட்பது எப்படி? உடனே முறைப்பாட்டுக்கு ஓடச் சொல்லமாட்டேன். முதலில் ஆதாரம். ஒரு சின்னக் கொப்பியில் தினமும் வந்த நேரம், போன நேரம் எழுதுங்கள். பேனையால், திகதியோடு, அன்றன்றே. ஒரே நாளில் உட்கார்ந்து மூன்று மாதத்தை எழுதினால் மையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலாளி தந்த துண்டுகளைப் போட்டோ எடுத்து வேறு ஒருவரின் போனுக்கும் அனுப்புங்கள். "நாளைக்கு எட்டுக்கே வாங்கோ" என்ற வட்ஸ்அப் செய்தியும் ஆதாரம்தான். சம்பளம் வங்கிக்கு வந்தால் கணக்கு அறிக்கை எடுங்கள். கையில் தந்தால், வாங்கிய நாளில் கொப்பியில் குறியுங்கள். நியமனக் கடிதம் தராமல் விட்டிருந்தால் அதுவும் முதலாளியின் குறைதான். கடைச் சட்டப்படி வேலையின் விபரங்களை எழுத்தில் தர வேண்டும்.

பிறகு முதலாளியிடம் ஒரு பக்கக் கடிதம். கோபமில்லாமல், எண்களோடு: 2025 ஏப்ரல் முதல் 27,000, 2026 ஜனவரி முதல் 30,000, ஓ.ரி. இவ்வளவு மணிநேரம், ஈ.பி.எஃப் இவ்வளவு குறைவு. ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சில முதலாளிமார் இந்தக் கட்டத்திலேயே கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுத் திருத்திவிடுவார்கள். மிகைக்கட்டணம் எவ்வளவு ஏறும் என்று அவர்களுக்கும் தெரியும்.

அசையவில்லையென்றால் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு, ஆட்கள் "லேபர் கந்தோர்" என்பது அதைத்தான், போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. அடையாள அட்டைப் பிரதி, ஈ.பி.எஃப் இலக்கம், துண்டுகள், கொப்பியின் பிரதி, முதலாளியின் பெயர், விலாசம். இந்தக் கடைசியில்தான் பலருடைய கோப்பு படுத்துவிடுகிறது: பெயர்ப்பலகையில் இருக்கும் பெயர் வேறு, வியாபாரப் பதிவில் இருக்கும் பெயர் வேறு. சுவரில் மாட்டியிருக்கும் வியாபாரப் பதிவுச் சான்றிதழையோ பில்லின் அடியையோ பார்த்துச் சரியான பெயரை எழுதுங்கள். "சம்பளம் காணாது" என்று மட்டும் எழுதினால் உத்தியோகத்தருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மாதவாரியாகத் தொகையைப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

தொழில் உத்தியோகத்தர் முதலாளியை விசாரணைக்கு அழைப்பார், அல்லது கடைக்கே வந்து பதிவேடுகளைப் பார்ப்பார். அழைத்த திகதிக்கு நீங்கள் போகாவிட்டால் கோப்பு மூடப்படலாம். விசாரணை மேசையில் ஒரு தொகையைக் காட்டி "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்டால், தொகை உங்கள் கணக்கோடு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே வையுங்கள். நேரம் வேண்டுமென்றால் இன்னொரு திகதி கேட்கலாம். முதலாளி அப்போதும் கட்டாவிட்டால் தொழில் திணைக்களமே நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் நிலுவையை அறவிட முடியும்.

வேலை போகுமா? போகலாம், போகாது என்று சொன்னால் பொய். ஆனால் போனால் சும்மா போகத் தேவையில்லை. "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொன்னால், அடுத்த நாளே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: இன்ன திகதியில் இன்னவாறு சொன்னீர்கள், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன். தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் இல்லாவிட்டால் "அவவாகத்தான் நின்றுவிட்டா" என்பதே முதலாளியின் பதிலாக இருக்கும். வெற்றுத் தாளிலோ தயாராக எழுதிவைத்த ராஜினாமாவிலோ கையெழுத்து வைக்க வேண்டாம். வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும்; ஆறு மாதம் தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். இதற்கு 15 பேர் என்ற கணக்கு இல்லை. 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல், அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இன்றி நிறுத்த 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் விடாது.

தம்பியின் விடயத்தில் காலம் குறைவு. சீசன் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு சாட்சிக்கு ஆள் கிடைக்காது, ரோஸ்டரும் (யாருக்கு எந்த நேரம் வேலை என்ற பட்டியல்) கிழித்துப் போடப்பட்டிருக்கும். அவர் இப்போதே ஒவ்வொரு கிழமையும் ரோஸ்டரைப் போட்டோ எடுக்கட்டும். கூட நிற்கும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தால் விசாரணையில் எல்லோருடைய கூலிப் பதிவையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். உங்களுக்கு அவசரமான வேலை ஒன்றுதான்: இந்தக் கிழமை ஈ.பி.எஃப் கணக்கைப் பார்த்துவிடுங்கள். அதில் எந்த மாதம் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு கடிதத்தை எழுதினால் எண்கள் சரியாக விழும்.